அமிக்டலா செய்த குற்றம்

அன்புள்ள செல்வா,

பதில் போடாததற்குத் திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். நம் கூட்டாளி மூர்த்தி அதே மூர்த்திதான், திருந்துகிற வழியைக் காணோம்.

உன் பையன் பரீட்சை அன்று காலையில் வயிற்றுவலி என்று படுத்துவிடுவதாக எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் என் மகள் கூத்தைக் கேள்.

எட்டு வயது, கோபம் வந்தால் வீடு தாங்காது. (யாரைப் போல என்று கேட்காதே.) மூளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தேன். உள்ளே ஆழத்தில் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா இருக்கிறது, ஆபத்து என்று பட்டால் நாம் யோசிக்கும் முன்பே அது உடம்பை உசுப்பிவிடும், நெஞ்சு படபடப்பது அதனால்தான் என்றேன். 'கொஞ்சம் பொறு' என்று தடுக்கும் வேலை நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதிக்கு. அது முதிர்ந்து முடிய 25 வயது வாக்கில் ஆகிவிடும் என்றும் சொல்லிவைத்தேன்.

அடுத்த சண்டையிலேயே தம்பியைத் தள்ளிவிட்டு, "நான் இல்லப்பா, அமிக்டலா!" என்கிறாள். "எனக்கு இன்னும் 25 ஆகலையே" என்று ஒரு வாதம் வேறு. வக்கீல் தோற்றான், போ.

சிரித்து முடித்தபின் உட்கார்ந்து பேசினோம். அமிக்டலாவும் நீதான், தடுக்கிற பகுதியும் நீதான் என்றேன். கோபம் வந்ததற்குத் திட்டமாட்டேன், தள்ளியதற்கு மன்னிப்புக் கேட்டுத்தான் ஆகவேண்டும். முனகிக்கொண்டே கேட்டாள். அமிக்டலாவை வில்லனாக்குவதும் தப்புடா. சந்தோஷத்துக்கும் அது விழித்துக்கொள்ளும். மனதைத் தொட்டது நினைவில் ஆழமாய்ப் பதிவதிலும் அதற்குப் பங்கு உண்டு. இதையெல்லாம் அவள் கத்திக்கொண்டிருக்கும்போது சொன்னால் ஏறாது. அமைதியாக இருக்கும் நேரத்தில்தான் பேச முடிகிறது.

இப்போது உன் பையன் விஷயம். நடிக்கிறான் என்று எழுதியிருந்தாய். மூளை பயந்தால் செரிமானம் தடுமாறும், வயிறு நிஜமாகவே வலிக்கும். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடு. வேறு ஒன்றும் இல்லை என்றால், பரீட்சை இல்லாத ஒரு நாளில் இதை அவனுக்குச் சொல். 'பயமா இருக்கு' என்று அவன் வாயால் சொல்லட்டும், மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடட்டும். ஆனால் பரீட்சைக்கு அனுப்பாமல் இருந்துவிடாதே. ஒவ்வொரு முறையும் வீட்டில் இருக்கவிட்டால் பயம் கூடத்தான் செய்யும். நாம் அந்த வயதில் வாங்கிய அடியை அவனுக்குக் கொடுக்காதேடா. நமக்கும் அன்று வயிறு நிஜமாகவே வலித்தது உண்மைதானே?

என்ன சொன்னான் என்று எழுது. மூர்த்தி கடன் கதை பெரிது, நேரில்.

உன்,
ரவி