விமான நேரத்தோடு தேதியையும் தெளிவாகப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் பயணப் பக்கத்தில் 'சென்னை – சிங்கப்பூர்: சுமார் 2,900 கி.மீ., 4 மணி நேரம்' என்று ஒரு வரி வந்திருந்தது. கணக்கு சரிதான். 30 வருடம் புவியியல் பாடம் நடத்தியவள் நான். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கடலூரிலிருந்து கிளம்ப முடியாது. போன வருடம் என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மகளின் பிரசவத்துக்காக, 68 வயதில் தனியாகச் சிங்கப்பூர் கிளம்பினாள் அக்கா. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் ஒரு தாளில் '12-ஆம் தேதி இரவு 12.50' என்று எழுதிக் கொடுத்திருந்தார். 12-ஆம் தேதி ராத்திரி என்றே நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அன்று மாலை 4 மணிக்குக் கார் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக எட்டரைக்கு மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் டிக்கெட்டைப் பார்த்த காவலர், "அம்மா, இது நேற்று ராத்திரியே போய்விட்டதே" என்றார். 11-ஆம் தேதி மதியமே வீட்டைப் பூட்டியிருக்க வேண்டும். பிரசவ லேகிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வேறு டிக்கெட் கிடைக்க இரண்டு நாள் ஆனது. அதற்குள் பேரன் பிறந்துவிட்டான்.

இன்னொன்றும் இருக்கிறது. 12.50-க்குப் புறப்பாடு, 7.20-க்கு வந்து சேரும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தால், பயணம் ஆறரை மணி நேரம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பறப்பதோ நாலு மணி நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. திரும்பி வரும்போது இரவு 9-க்கு ஏறி 10.30-க்கு இறங்கியதாகத் தெரியும். தீர்க்கரேகைப்படி பார்த்தால் இரு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 24 பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடத்தான் வித்தியாசம் வர வேண்டும். 1982 முதல் அங்கே கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்பாகக் கடிகாரத்தை வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே பொழுது விடியவே 7 மணி ஆகிறது. அக்கா காலை 7-க்கு இன்சுலின் போடுகிறவள். அங்கே 7 என்றால் நமக்கு நாலரை. இதை முன்பே டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டாமா?

அப்புறம் தூரம். உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால், கடலூரிலிருந்தும் சிங்கப்பூர் ஏறக்குறைய அதே 2,900 கி.மீ.தான். அதற்காக நாம் வடக்கே 180 கி.மீ. போகிறோம். திண்டிவனம் வழியாகப் பேருந்தில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியோடு வேறு வண்டி மாற வேண்டும். புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையம் எங்களுக்குப் பக்கம்தான், ஆனால் அங்குள்ள 1,500 மீட்டர் ஓடுபாதையில் சிறிய விமானங்கள்தான் இறங்கும்.

எனவே பயண நேரம் வெளியிடும்போது மூன்று விஷயங்களையும் சேர்த்துப் போடுங்கள்: எந்த ஊர் நேரம், இரு ஊருக்கும் எத்தனை மணி வித்தியாசம், நள்ளிரவு விமானமென்றால் எந்தத் தேதி மாலை வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். '11-ஆம் தேதி இரவு விடிந்தால் 12' என்று கல்யாணப் பத்திரிகையில் போடுகிறோமே, அந்த மாதிரி எழுதினால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் புரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.