வேன் காலியாகத்தானே திரும்புகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்ருட்டி பக்கம் திருவதிகையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. போன மாதம் ஒரு கம்பெனியின் சேல்ஸ்மேன் தம்பி வந்து, "அண்ணே, இந்த மாசம் பசுமை ஸ்கீம்" என்றார். (கம்பெனி பெயர் வேண்டாம், இன்னும் அவர்களிடம்தான் சரக்கு எடுக்கிறேன்.) ஷாம்பு சரம் இரண்டு எடுத்தால் விதைக் காகிதம் ஒன்று இலவசம். மண்ணில் புதைத்தால் துளசி முளைக்குமாம். நல்ல யோசனைதான், ஆனால் அந்தக் காகிதமே ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. கடை முகப்பில் கட்டச் சொல்லி 'பூமியைக் காப்போம்' என்று ஒரு ஃபிளெக்ஸும் கொடுத்தார். என் மனைவி பொறுமையாகத் தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினாள். துளசி வரவில்லை. ஏதோ கீரை வந்தது.

கிண்டலுக்காக இதை எழுதவில்லை. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் எட்டச் செய்த சின்னி கிருஷ்ணன் எங்கள் கடலூர்க்காரர். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொழில் தொடங்கி, அப்பா பெயரைச் சுருக்கி 'சிக்' ஷாம்பு போட்டார். எண்பதுகளில் அவர்கள் விட்ட ஸ்கீம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எந்தக் கம்பெனி ஷாம்பு ஆனாலும் சரி, காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். பிறகு, சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காலி பாக்கெட் எண்ணுவது என் வேலை. பையன்கள் பம்புசெட் தொட்டி ஓரம், கெடிலம் ஆற்றுத் துறை என்று ஒரு இடம் விடாமல் பொறுக்கி வருவார்கள். நான்கு பாக்கெட்டை மடித்து ஐந்தென்று ஏமாற்றப் பார்த்தவன் இப்போது எங்கள் தெருவில் பெரிய மனுஷன். பாக்கெட்டெல்லாம் பிசுபிசு என்றிருக்கும். எறும்பு மொய்க்கும். ஒருநாள் சாக்கு மழையில் நனைந்து கடைத் திண்ணை முழுக்க நுரை. அப்பா என்னைத்தான் திட்டினார்.

அந்த ஸ்கீம் சுற்றுச்சூழலுக்காக வந்ததல்ல. அடுத்தவன் வாடிக்கையாளரை இழுக்கத்தான். ஆனாலும் அந்த நாட்களில் எங்கள் தெருச் சாக்கடையில் ஒரு பாக்கெட் கிடக்காது, அதற்கு ஒரு விலை இருந்ததால். ஸ்கீம் நின்றது, பாக்கெட்டும் கீழே விழ ஆரம்பித்தது. பால் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். ஷாம்பு பாக்கெட்டைத் தொடமாட்டார். பல அடுக்காக ஒட்டிய உறை அது, பிரித்தெடுக்க முடியாது, எடைக்கும் வராது.

2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை. கேரி பேக் வைத்திருந்தால் கடைக்காரனுக்கு அபராதம். சரி, கட்டுகிறோம். 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தது, நானும் துணிப்பை விற்கிறேன். ஆனால் அந்தப் பைக்குள் போகிற பத்துச் சாமானில் எட்டு, கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கிறது. அந்த உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு என்று மத்திய அரசின் விதியும் இருக்கிறது. ஆனால் மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டிவிடலாம். என் கடை வாசலில் கிடப்பதை யாரும் குனிந்து எடுக்க வேண்டியதில்லை. ஆதாரமில்லாமல் 'பசுமை' என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 2024 அக்டோபரில் வழிகாட்டுதலும் போட்டார்கள். என் கடையில் தொங்கும் சரங்களில் பச்சை இலைப் படத்துக்குக் குறைவில்லை.

காலி பாக்கெட்டைக் கம்பெனியே திரும்ப வாங்குவது செய்ய முடியாத காரியமும் இல்லை. 2018-ல் டேராடூன், முசூரிப் பக்கம் பத்துக் காலி மேகி உறை கொடுத்தால் ஒரு மேகி இலவசம் என்று அந்தக் கம்பெனியே செய்து பார்த்தது. அங்கே முடிந்தது பண்ருட்டியில் ஏன் முடியாது? ஒரு ரூபாய்ப் பாக்கெட்டுக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். ஐந்துக்கு ஒன்று வேண்டாம், இருபதுக்கு ஒன்று கொடுங்கள். எண்ணி வைக்கிற எங்களுக்கு நூற்றுக்கு ஒன்று போதும். வண்டிச் செலவு என்பார்கள். கடை கடையாகச் சரக்கு இறக்கும் லைன் வேன் வாரா வாரம் நிறைய வந்து பெரும்பாலும் காலியாகத்தான் திரும்புகிறது. எக்ஸ்பைரி, டேமேஜ் சரக்கை அதே வேன்தான் ஏற்றிப் போகிறது. அதோடு ஒரு சாக்கு ஏறாதா?

சேல்ஸ்மேன் தம்பியிடம் இதைச் சொன்னேன். "மேலே சொல்றேண்ணே" என்று சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மேலே இருப்பவர்கள் பத்திரிகை படிப்பார்கள் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன். ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டேன். ஆணி அப்படியே இருக்கிறது, சாக்கு மாட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
திருவதிகை, பண்ருட்டி