பிள்ளைகளை முதலில் உள்ளே விடுங்கள்

கல்வித் தொழில்நுட்பப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வொரு பிள்ளையும் நாளொன்றுக்குச் சராசரியாக 30 நிமிடம் டேப்லெட்டில் கற்க வேண்டும், அதற்குக் குறைந்த வகுப்புகள் வாராந்திரப் பட்டியலில் சிவப்பில் காட்டப்படும் என்ற உங்கள் சுற்றறிக்கை கிடைத்தது. பின்னாலேயே பட்டியலும் வந்தது. சிவப்பில் இருப்பவை பெரும்பாலும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகள். ஏன் சின்ன வகுப்புகள் மட்டும் என்று உங்கள் பக்கம் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. எங்களிடம் காரணம் கேட்கவில்லை, விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். விளக்கம் இதோ.

திட்டம் எப்படித் தொடங்கியது, யார் என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். டேப்லெட் வேண்டாம், பழையபடி கரும்பலகை போதும் என்று சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. கோரிக்கை ஒன்றே ஒன்று: குழந்தை டேப்லெட்டைக் கையில் வாங்கிய 2 நிமிடத்துக்குள் பாடம் திரையில் இருக்க வேண்டும். அது நடக்கும்வரை நிமிடக் கணக்குப் பட்டியலை நிறுத்தி வையுங்கள்.

ஒன்றாம் வகுப்பில் லாகின் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். பயனர் பெயர் 11 இலக்க எண். பாஸ்வேர்டுக்குக் குறைந்தது 8 எழுத்து. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக்குறி ஒன்று கட்டாயம். இதை அடிக்க வேண்டியவருக்கு வயது ஆறு. பெரிய எழுத்துக்குத் தொடுவிசைப்பலகையில் தனி விசையைத் தட்ட வேண்டும். சிறப்புக்குறி இரண்டாவது பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடித்துத் திரும்பி வருவதற்குள் எந்த எழுத்தில் விட்டோம் என்பது மறந்துபோகும். அடித்ததெல்லாம் கரும்புள்ளியாகத் தெரிவதால் எது தப்பு என்று குழந்தைக்கும் தெரியாது, குனிந்து பார்க்கும் ஆசிரியருக்கும் தெரியாது. பூஜ்யமும் ஆங்கில ஓவும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்று என்ற எண்ணுக்கும் சின்ன எல்லுக்கும் அச்சிட்டுக் கொடுத்த தாளில் வித்தியாசமே இல்லை. பயனர் எண்ணின் கடைசியில் ஒரு இடைவெளி சேர்ந்துவிட்டால் தீர்ந்தது, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து முறை தவறினால் கணக்கு 15 நிமிடம் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் அதிகாரம் வகுப்பாசிரியருக்கு இல்லை.

அதனால் என்ன நடக்கிறது? ஆசிரியரே ஒவ்வொரு மேசையாகப் போய் அடித்துக் கொடுக்கிறார். பழகிய கைக்கே ஒரு குழந்தைக்கு 40 வினாடி ஆகும். 38 பிள்ளைகளுக்கு 25 நிமிடம். பாடவேளை 40 நிமிடம். உங்கள் செயலியோ 10 நிமிடம் யாரும் திரையைத் தொடாவிட்டால் வெளியே தள்ளிவிடுகிறது. சும்மா உட்கார வைத்தால், கடைசி வரிசைக் குழந்தை உள்ளே போகும் நேரத்தில் முதல் வரிசைக் குழந்தை வெளியே வந்திருக்கும்.

ஒரு டேப்லெட் பழுதாகி மாற்று டேப்லெட் கொடுத்தால் இன்னொரு கூத்து. புதிய கருவி என்று சந்தேகப்பட்டு, பெற்றோரின் கைபேசிக்கு ஓ.டி.பி. அனுப்புகிறது உங்கள் அமைப்பு. பெற்றோர் வேலையில் இருக்கிறார், கைபேசி அவரிடம் இருக்கிறது, குழந்தை வகுப்பில் இருக்கிறது. அந்த எண் 3 நிமிடத்தில் காலாவதி. இதை வடிவமைத்தவர் வங்கிக் கணக்கு என்று நினைத்துச் செய்தாரோ என்னவோ. உள்ளே இருப்பது ‘அ’வுக்கு நேரே அணிலைச் சேர்க்கும் பயிற்சி.

இந்தப் பத்து நிமிட வெளியேற்றத்தால் வகுப்பில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. அதை நீங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். கணக்கை நோட்டில் போடச் சொன்னால், வலது கை பென்சிலால் எழுதுகிறது, இடது கையின் ஆள்காட்டி விரல் திரையின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. திரை அணையக் கூடாது, அணைந்தால் மறுபடி லாகின். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் உங்கள் பட்டியலில் ‘ஈடுபாடு’ என்று பதிவாகிறது. பச்சையில் இருக்கும் வகுப்புகளில் எத்தனை இப்படிப் பச்சையானவை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதற்குப் பரிகாரம் பெரிய செலவுள்ளதும் அல்ல, புதியதும் அல்ல. குழந்தைக்கு ஒரு க்யூஆர் அட்டை கொடுங்கள். கேமரா முன் காட்டினால் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அச்சிடும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மலிவான டேப்லெட்டுகளின் முன் கேமரா பெரும்பாலும் நிலையான ஃபோகஸ் கொண்டது. அருகே கொண்டுபோனால் மங்கும். ஆகவே க்யூஆர் குறியீடு 5 செ.மீ. சதுரமாவது இருக்கட்டும், ஒரு சாண் தள்ளிப் பிடித்தாலும் படிக்கும். சுற்றிலும், குறியீட்டில் உள்ள சின்னக் கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெள்ளை இடம் விடாமல் பூவும் பொம்மையும் அச்சடித்தால் கேமரா திணறும். பளபளப்பான உறை வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுக் குறியீட்டின் பாதியை மறைத்துவிடும். பளபளப்பில்லாத உறை போதும். பிழைதிருத்த அளவை ‘எச்’ நிலையில் வையுங்கள். அதில் குறியீட்டின் 30 சதவீதம் வரை அழிந்தாலும் படிக்க முடியும். முதல் வகுப்புப் பிள்ளைகளின் கையில் அட்டை ஒரு பருவம் தாங்க வேண்டுமே.

பாதுகாப்பு என்பீர்கள். நியாயமான கேள்விதான். அட்டையைப் பள்ளியில் பதிவான கருவிகளில் மட்டும் வேலை செய்யும்படி வையுங்கள். அதன் வழியாகப் போனால் பாடம் மட்டும் திறக்கட்டும். பிறந்த தேதி, முகவரி, பெற்றோர் எண் எதுவும் தெரியக் கூடாது. அட்டை தொலைந்தால் ரத்து செய்து வேறொன்று அச்சிடும் உரிமை வகுப்பாசிரியருக்கு வேண்டும். பாடம் முடிந்ததும் அட்டைகளை அவரே வாங்கி வைத்துக்கொள்வார். இப்போது நடப்பது என்ன தெரியுமா? 38 பாஸ்வேர்டுகளும் ஒரே தாளில் எழுதப்பட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்கின்றன. வேறு வழியில்லாமல் எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான். உங்கள் எட்டு எழுத்து விதி காத்துக்கொண்டிருக்கும் ரகசியம் அதுதான்.

லாகினைத் தாண்டினால் அப்டேட். அப்டேட்டுகள் இரவில் தானாக இறங்கும்படி வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கருவி சார்ஜில் இருக்க வேண்டும், வைஃபை ஓட வேண்டும். மாலையில் பள்ளியைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள், அதுவும் பாதுகாப்புக்காகத்தான். ஆக இரவில் சார்ஜும் இல்லை, வைஃபையும் இல்லை. காலை முதல் பாடவேளையில் 38 கருவிகளும் ஒன்றாக விழித்துக்கொண்டு ஒன்றாக அப்டேட் கேட்கின்றன. அப்டேட் 300 எம்பி என்றால் மொத்தம் 11.4 ஜிபி. இணைப்பு வினாடிக்கு 20 மெகாபிட், அதாவது 2.5 எம்பி, அதுவும் முழு வேகத்தில் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்: 76 நிமிடம். முழு வேகம் எப்போது கிடைக்கிறது என்பதை உங்கள் அலுவலக இணைப்பை வைத்தே கணித்துக்கொள்ளலாம்.

அப்டேட்டை வாரத்தின் கடைசிப் பள்ளி நாளில் கடைசிப் பாடவேளைக்கு மாற்றுங்கள், அல்லது எப்போது என்று முடிவு செய்யும் உரிமையைப் பள்ளிக்குக் கொடுங்கள். பாடங்களைப் பள்ளிக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டியில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. கோலிப்ரி போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒருமுறை பாடங்களை இறக்கிவிட்டால் பிறகு இணையமே தேவையில்லை, ராஸ்பெரி பை என்ற கையடக்கக் குட்டிக் கணினியிலேயே ஓடும். ஒரே எச்சரிக்கை: அந்தக் குட்டிக் கணினியின் சொந்த வைஃபை 38 கருவிகளைத் தாங்காது. பல கருவிகளை ஒரே நேரத்தில் வைஃபையில் இணைக்கும் அக்சஸ் பாயின்ட் ஒன்று தனியாக வேண்டும். அதை வாங்காமல் பெட்டியை மட்டும் அனுப்பிவிட்டு, ஆசிரியர்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், உள்ளே போன பிறகு செய்யக்கூடியது நிறைய இருப்பதுதான். 52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 26 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு இல்லை. 2-இலிருந்து 8 போகாது என்பதால் 8-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறார்கள். பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு கற்றதை இங்கே பொருத்தியிருக்கிறார்கள். உங்கள் செயலி இதற்கு ஒரு ஊதுகுழல் சத்தம் எழுப்பி ‘மீண்டும் முயல்க’ என்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும், தவறிய விடை மறைந்துவிடும், மூன்று வாய்ப்பு உண்டு. கணக்கே படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் மூன்று பங்கு நேரம் நட்சத்திரம் கிடைத்துவிடும். பிள்ளைகள் நட்சத்திரத்தை எண்ணுகிறார்கள், நீங்கள் நிமிடத்தை எண்ணுகிறீர்கள், கடன் வாங்கிக் கழிப்பதை யாரும் எண்ணவில்லை.

அதே இடத்தில் ஒரு கைபேசியைத் தாங்கியில் மாட்டி, மேசைக்கு மேல் சுமார் 40 செ.மீ. உயரத்தில் கீழ்நோக்கி நிறுத்தி, புரொஜெக்டரோடு இணைத்துவிட்டால், அந்த 26-ஐ எழுதிய நோட்டை வகுப்பு முழுதும் பார்க்கலாம். பெயரை மறைத்துவிட வேண்டும். ஃபோகஸைப் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கை குறுக்கே வரும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். விளக்கு நேர் மேலே இருந்தால் கைபேசியின் நிழலே நோட்டில் விழும், மேசையைச் சற்று நகர்த்தினால் சரியாகும். பிறகு குச்சிக் கட்டுகளை அதன் கீழ் வைத்து, 5 பத்துகளில் ஒன்றைப் பிரித்து 10 ஒன்றுகளாக்கி, 12-இலிருந்து 8-ஐ எடுத்துக் காட்டலாம். ‘எங்கே தப்பு?’ என்று கேட்டால் கடைசி பெஞ்சும் எழுந்து நிற்கும். இந்த ஈடுபாடு உங்கள் பட்டியலில் பூஜ்யம் நிமிடம். எந்தக் குழந்தையும் டேப்லெட்டைத் தொடவில்லையே!

வாசிப்பை ஒலிப்பதிவு செய்து குழந்தையே கேட்பதும் அப்படித்தான். ஒரு நிமிடப் பதிவு போதும், இணையம் தேவையில்லை. விட்ட சொல்லைத் தானே பிடித்துக்கொள்ளும். பயறு முளைப்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு படமாக 7 நாள் எடுத்தால் 1,008 படம், வினாடிக்கு 24 வீதம் ஓட்டினால் 42 வினாடிப் படம். இரவிலும் ஒரு விளக்கு எரிய வேண்டும், கைபேசி சார்ஜில் இருக்க வேண்டும். (மெயின் சுவிட்ச் விவகாரம் இங்கேயும் வந்து நிற்கிறது.)

கருவியைக் கொடுத்தால் கற்றல் தானாக வரும் என்ற நம்பிக்கை உலகத்தில் பல இடங்களில் பார்த்தாகிவிட்டது. பெரு நாட்டில் ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை, 319 கிராமப்புறப் பள்ளிகளை ஒப்பிட்டு மதிப்பிட்டு 2012-இல் அறிக்கை வெளியிட்டார்கள். கணினிப் பயன்பாடு நன்றாகவே கூடியிருந்தது. கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. உங்கள் பட்டியல் முறையில் பார்த்தால் அந்தப் பள்ளிகள் எல்லாம் பச்சை.

எங்களுக்கு நடத்திய பயிற்சியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முழு நாள் பயிற்சி. காலையில் அறிக்கையைத் தரவிறக்குவது எப்படி, மதியம் அறிக்கையைப் பதிவேற்றுவது எப்படி. கழித்தல் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில் எல்லோருக்கும் சான்றிதழ், அதைத் திறப்பதற்கும் ஒரு ஓ.டி.பி. ஆய்வுக்கு வருபவர்கள் டேப்லெட்டோடு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தில் திரைகள் எரிகின்றனவா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

சற்றுக் கடுமையாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது உங்கள் கையில் இருப்பதுதான். குழந்தை கருவியை வாங்கிய 2 நிமிடத்துக்குள் பாடம் திறக்க வேண்டும். அதற்கு அட்டை லாகின், சின்ன வகுப்புகளுக்கு ஓ.டி.பி. விலக்கு, பத்து நிமிட வெளியேற்றத்தைப் பாடவேளை முடியும்வரை நீட்டித்தல், அப்டேட் நேரத்தைப் பள்ளியே தீர்மானித்தல். இவை நடக்கும்வரை நிமிடப் பட்டியல் வேண்டாம். பட்டியல் இல்லாமல் முடியாது என்றால், டேப்லெட் கைக்கு வந்ததிலிருந்து பாடம் திறக்கும்வரை எத்தனை நிமிடம் ஆனது என்ற நெடுவரிசை ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். அதை நிரப்பித் தர நாங்கள் தயார்.

வரும் கல்வியாண்டின் மாணவர் பெயர்ப் பட்டியலை எப்படியும் தயாரிப்பீர்கள். அட்டைகளுக்கான க்யூஆர் குறியீடுகளையும் அப்போதே உருவாக்கி அனுப்பிவிட்டால், பள்ளி திறக்கும் நாளில் கையில் இருக்கும். தயவுசெய்து ஆவன செய்யும்படிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொடக்க வகுப்பு ஆசிரியர்கள்

பி.கு.: இந்த மடலின் நகலை உங்கள் குறைதீர் தளத்திலும் பதிவேற்ற முயன்றோம். அமர்வு காலாவதியாகிவிட்டது என்று வருகிறது.