புது லேப்டாப்பில் நாம் கேட்காத மென்பொருள்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கல்லூரி சேர்க்கை முடிந்த கையோடு பெற்றோர் புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "வாங்கி ஒரு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள வைரஸ்" என்பார்கள். பார்த்தால் வைரஸ் எதுவும் இருக்காது. நிறுவனமே ஏற்றி அனுப்பிய டிரையல் ஆன்ட்டிவைரஸ், பணம் கட்டச் சொல்லி மிரட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற ஆன்ட்டிவைரஸ் இலவசமாக இருக்கிறது என்று விற்கிற கடையில் ஒருவரும் சொல்வதில்லை. பயந்துபோய்ப் பணம் கட்டியவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

தொல்லையோடு நின்றாலும் பரவாயில்லை. 2014-இல் லெனோவோ தன் லேப்டாப்கள் பலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை ஏற்றி விற்றது. பாதுகாப்பான தளங்களுக்குள்ளும் விளம்பரம் காட்டுவதற்காக, அது தன் ரூட் சான்றிதழை, அதாவது எந்தத் தளத்தை நம்பலாம் என்று விண்டோஸுக்குச் சொல்லும் அடிப்படைச் சான்றிதழை, விண்டோஸில் நுழைத்துக்கொண்டது. வங்கித் தளத்தைத் திறந்தால் பூட்டு அடையாளம் வழக்கம்போலத் தெரியும்; ஆனால் அதற்குப் பின்னால் இருந்தது சூப்பர்ஃபிஷ் போட்ட சான்றிதழ். அந்தச் சான்றிதழைப் போடுகிற ரகசியச் சாவி அத்தனை லேப்டாப்பிலும் ஒன்றேதான். 2015 பிப்ரவரியில் ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அந்தச் சாவியைப் பூட்டியிருந்த கடவுச்சொல்லை உடைத்துக் காட்டினார். அந்தச் சாவி கிடைத்தவர், பொது வைஃபையில் பக்கத்தில் உட்கார்ந்தே உங்கள் வங்கி விவரத்தைப் படித்துவிடலாம். மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தாலும் சான்றிதழ் உள்ளேயே கிடந்தது. அதைத் தனியாகத் தேடித்தான் நீக்க வேண்டும்.

2017-இல் சில ஹெச்பி லேப்டாப்களின் ஆடியோ டிரைவர் (ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருள்), நாம் தட்டுகிற எழுத்துகளையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி வைத்ததும் வெளியே வந்தது.

அதனால் ஒவ்வொன்றாக நீக்குவதை விட, விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதையே நான் சொல்வேன். 'ரீசெட்' போட்டால் பல மாடல்களில் நிறுவனத்தின் மென்பொருள்களும் கூடவே திரும்பி வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜிபி பென்டிரைவில் இறக்கி, டிஸ்கை அழித்துவிட்டு ஏற்றுங்கள். லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே இருப்பதால் மறுபடி காசு கொடுக்க வேண்டாம். வைஃபை டிரைவரை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். லேப்டாப்போடு ஆஃபீஸ் வந்திருந்தால், அழிப்பதற்கு முன் அதை உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் கடன் வாங்கி லேப்டாப் வாங்கிய ஒரு அப்பா இதையெல்லாம் ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? சூப்பர்ஃபிஷ் விவகாரத்தில் அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், இத்தகைய விளம்பர மென்பொருளை ஏற்றும் முன் வாங்குபவரின் சம்மதம் பெற வேண்டும் என்று 2017-இல் லெனோவோவைக் கட்டுப்படுத்தியது. லெனோவோவிடமிருந்து அமெரிக்க மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலரும் போனது. நம் நுகர்வோர் துறையும் இரண்டு விஷயங்களைக் கட்டாயமாக்க வேண்டும். உள்ளே ஏற்றியிருக்கும் மென்பொருள்களின் பெயர் பெட்டியின் மேலேயே இருக்க வேண்டும், தமிழிலும். வெறும் விண்டோஸ் மட்டும் போதும் என்று கேட்பவருக்கு, அதே விலையில் அப்படியே தர வேண்டும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர்,
காரைக்குடி