விழுந்த மரங்களை எண்ணிய வி.ஏ.ஓ. அம்மா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம நிர்வாக அலுவலகங்களில் புழங்கும் லஞ்சம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியிருந்தது எதுவும் பொய் இல்லை. ஒரு கையெழுத்துக்காக நாலு முறை அலைந்து, கடைசியில் காசு கொடுத்து வாங்கியவன் நானும்தான். ஆனாலும் படித்து முடித்தபோது மனசு கேட்கவில்லை. எங்கள் ஊரில் முன்பு வேலை பார்த்த வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) அம்மா இந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு பெறுகிறார். அவரைப் பற்றி நாங்கள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்? பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

எனக்கு அறுபது வயதாகிறது. சின்ன வயதில் நான் பார்த்தது கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையைத்தான். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். உள்ளேயிருந்து குரல் வரும் வரை அப்படியே நிற்பார். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பரம்பரையாக வந்த கர்ணம் (கணக்குப்பிள்ளை), மணியம் (ஊர்த் தலைமை) பதவிகளை ஒழித்தது. அப்புறம்தான் தேர்வு எழுதி வருகிற வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். அதனால் யார் வீட்டுப் பிள்ளை வேண்டுமானாலும் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று ஆனது. இந்த அம்மாவும் ஒரு கூலித் தொழிலாளியின் மகள்தான். அவர் அலுவலகத்தில் இருந்த வரை யாரும் நின்றுகொண்டு பேசி நான் பார்த்ததில்லை. ஒரு பெஞ்சை வாங்கிப் போட்டு, வந்தவரை முதலில் உட்காரச் சொல்வார்.

2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த விடியற்காலை. தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கிறவர்களிடம் அந்தத் தேதியைச் சொன்னாலே போதும், முகம் மாறிவிடும். முதல் நாள் மாலையே அந்த அம்மாவும் கிராம உதவியாளரும் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். குடிசைக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்ததோடு, ராத்திரி அவரும் அங்கேயே தங்கிவிட்டார். காலையில் வெளியே வந்து பார்த்தால் தென்னந்தோப்பு என்று ஒன்றே இல்லை. நாற்பது வருஷ மரமெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. எந்த மரம் யாருடையது என்றே தெரியவில்லை, ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன.

அரசு மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. ஒரு கன்று காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும், அந்தப் பணம் எதற்குக் காணும் என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பணமாவது வர வேண்டுமென்றால் ஒருவர் தோப்புத் தோப்பாக இறங்கி எண்ண வேண்டும். அந்த அம்மா எண்ணினார். கையில் நிலத்தின் எல்லை காட்டும் புலப்படம், பாலிதீன் பையில் சுற்றிய ஒரு நோட்டு, கொண்டையில் செருகிய பேனா. விழுந்த மரத்தின் மேலேயே ஏறி ஏறி நடந்தார். கிராம உதவியாளர் அடிமரத்தில் சுண்ணாம்பால் எண் போட்டுக் குரல் கொடுக்க, இவர் சர்வே எண்ணுக்கு நேராக எழுதிக்கொள்வார். எண் போட்ட மரத்தை மறுபடி யாரும் கணக்கில் காட்ட முடியாது, எண் போடாத மரம் விட்டுப்போகவும் முடியாது. இரண்டாம் நாளே செருப்பு அறுந்துவிட்டது. வெறுங்காலோடுதான் எங்கள் தோப்புக்கு வந்தார். கரண்ட் இல்லை. ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து பட்டியல் எழுதினார்.

எங்கள் பங்காளி ஒருவர், நின்றுகொண்டிருந்த பத்து மரத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார். அதற்கு அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஐயா, நிக்கிற மரத்தை எழுதினா, விழுந்தவன் வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும். என்னால முடியாது." கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். பங்காளி தலையைக் குனிந்துகொண்டார்.

எங்களுக்கு இன்னொரு சிக்கல். பட்டா தாத்தா பெயரில் இருந்தது. அவர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது, ஐந்து பங்காளிகளும் அவரவர் பங்கைப் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர யாரும் பெயர் மாற்றவில்லை. காவிரி டெல்டாவில் பல ஊர்களில் இப்படித்தான், நிறைய நிலம் செத்துப்போனவர்கள் பெயரில் கிடக்கிறது. பட்டாவில் பெயர் இல்லை என்று ஒரு வரி எழுதி ஒதுக்கியிருந்தால் எங்களுக்கு ஒரு பைசா வந்திருக்காது. அவர் ஐந்து பேரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, எது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கேட்டு, எல்லார் முன்னாலும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். பணம் அவரவர் கணக்குக்கு வந்தது. அதோடு விடவில்லை. தாத்தாவின் இறப்பைப் பதிவு செய்வதில் தொடங்கி வாரிசுச் சான்று, தனிப் பட்டா வரை எந்தத் தாளை எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் கோட்டாட்சியர் அலுவலகம் வரை ஏறி இறங்கி முடித்தோம். சீட்டு இன்னும் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

முதியோர் உதவித்தொகை விசாரணை, சாதிச் சான்று, வருமானச் சான்று, ஜமாபந்திக்கு (வருஷா வருஷம் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) கணக்கு எழுதுவது, தேர்தல் வேலை, ஏரிக்கரை உடைந்தால் முதலில் ஓடுவது, எல்லாம் அந்த ஒரு ஆள் தலையில்தான் விழும். மணல் திருட்டைத் தடுப்பதும் அவர்கள் வேலைதான். 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸ் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம். செய்தி வந்த அன்று நான் இந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்போது அவர் மாறுதலாகி வேறு ஊரில் இருந்தார். "என்னம்மா, பயமா இருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "நாளைக்கும் ஆபீஸைத் திறக்கணுமேண்ணே" என்றார்.

இப்போது எங்கள் ஊர் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தை எழுத அதுவும் ஒரு காரணம். எங்களுக்கென்று தனி வி.ஏ.ஓ. இல்லை. பக்கத்து ஊர்க்காரரிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பையன், மரியாதையாகப் பேசுகிறார், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று கிராமத்தை ஒரே ஆள் எப்படிப் பார்ப்பார்? செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவதாகக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. அந்த நாளில் தாசில்தார் அலுவலகத்தில் கூட்டம் போட்டால் அதுவும் போச்சு. காத்திருக்க நேரமில்லாதவன் இடையில் நிற்கும் புரோக்கரிடம் போகிறான். லஞ்சம் பற்றி எழுதிய உங்கள் நிருபர் இந்தப் பூட்டிய கதவையும் வந்து பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

வேலை பார்க்கும் ஊரிலேயே வி.ஏ.ஓ. குடியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த அம்மா எங்கள் ஊரில் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கினார். அதனால்தான் புயல் ராத்திரியில் எங்களோடு இருக்க முடிந்தது. எல்லாரிடமும் அதை எதிர்பார்க்கலாம், ஆனால் அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். எங்கள் ஊர் அலுவலகம் ஒரே அறை, மழை பெய்தால் பதிவேடுகளைத் தூக்கி மேசை மேல் வைக்க வேண்டும், கழிப்பறை கிடையாது. அவர் இருந்தவரை எதிர்வீட்டுக்குத்தான் போய் வந்தார். ஒரு பெண் அதிகாரியை அந்த நிலையில் வைத்திருந்ததை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஊர்க்காரர்கள் நாங்களாவது ஏதாவது செய்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பதினெட்டுப் பேர் வேன் பிடித்துப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தோம். சால்வை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கஜாவுக்கு அப்புறம் நட்ட மரத்தில் காய்த்த இளநீரைக் கொண்டுபோனோம், அதை மட்டும் வாங்கிக்கொண்டார். எத்தனை கன்று பிழைத்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசி நாளை வழக்கமாக நவம்பரில்தான் வைப்பார்கள். இந்த முறையும் அதை ஒட்டித்தான் இருக்கும். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலோ விதைப்புச் சான்றோ இல்லாமல் காப்பீடு செய்ய முடியாது, அதற்கு வி.ஏ.ஓ.விடம்தான் போக வேண்டும். கடைமடைக்காரர்கள் நாங்கள், கடைசியாகத்தான் தண்ணீர் வந்தது, கடைசியாகத்தான் நட்டோம். அதற்குள்ளாகவாவது எங்கள் ஊருக்கென்று ஒரு வி.ஏ.ஓ.வைப் போடும்படி மாவட்ட நிர்வாகத்தை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.