மிலோவைக் கூட்டிப்போக வருவதற்கு முன்

அன்புள்ள பாப்பா,

மிலோ நன்றாக இருக்கிறது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறது, அதற்குக் காரணம் உன் அம்மா. தீபாவளிக்கு வந்து கூட்டிப்போவதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். வருவதற்குள் இதை இரண்டு பேரும் படித்துவிடுங்கள். இங்கே பழகியதெல்லாம் ஜொகூர் போனதும் தானாகத் தொடரும் என்று நினைக்காதே. நாய் ஒரு வீட்டில் கற்றதை அடுத்த வீட்டில் முதலிலிருந்து கற்கும். இரண்டாவது தடவை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அதற்கு இப்போது நான்கு சொல் தெரியும். உட்காரு, இரு, வா, விடு. வீட்டில் யார் சொன்னாலும் இதே சொல்லாக இருக்க வேண்டும். நீ 'உட்காரு' என்றும் மாப்பிள்ளை 'சிட்' என்றும் சொன்னால் அது இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். நான்கு தடவை அடுக்கினால், நான்காவது சொல்லுக்குத்தான் உட்கார வேண்டும் போலிருக்கிறது என்று அது முடிவு செய்துவிடும்.

உட்கார வைப்பது சுலபம். அவித்த கோழி ஈரலை நகக்கண் அளவுக்கு நறுக்கி மூக்கருகே காட்டி, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோனால் போதும். மூக்கு மேலே போகும், பின்புறம் தானாகத் தரையில் படும். பட்ட நொடியிலேயே கொடுக்க வேண்டும். நீ பாராட்டிவிட்டு, சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து எடுத்துவருவதற்குள் அது எழுந்து காதைச் சொறிந்துகொண்டிருக்கும். காது சொறிந்ததற்குத்தான் ஈரல் என்று எடுத்துக்கொள்ளும். முதுகை அமுக்கி உட்கார வைக்காதே. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால். வயிறு நிறைந்த நாய்க்குப் பாடம் ஏறாது.

'வா' என்பதுதான் பெரிய வேலை. துணி காயப்போடும் நைலான் கயிற்றை நீளமாகக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் உள்ள திடலில் பழக்கினேன். இதில் ஒரே ஒரு சட்டம்தான்: கூப்பிட்டு வந்த நாயைத் திட்டவே கூடாது. செருப்பைக் கடித்திருந்தாலும், அரை மணி நேரம் அலையவிட்டிருந்தாலும், வந்துவிட்டால் தட்டிக்கொடு. குளிப்பாட்டவோ கூட்டில் அடைக்கவோ வேண்டுமென்றால் நீயே போய்ப் பிடித்துவா. 'வா' என்று சொல்லி ஒரு நாள் ஏமாற்றினாலும் அடுத்த நாள் யோசித்துவிட்டுத்தான் வரும்.

எதிர்வீட்டு ஆன்ட்டி பேப்பரைச் சுருட்டி நாலு போடச் சொன்னார். நம் பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அடி வாங்கிய நாய் கற்பது ஒன்றுதான்: நாம் பார்க்கும்போது செய்யக்கூடாது. உறுமியதற்கு அடித்தால் இன்னும் மோசம். உறுமல் அது தரும் எச்சரிக்கை; அதை அடித்து அடக்கினால் அப்புறம் எச்சரிக்காமலே கடிக்கும். இதெல்லாம் போக, 2015 ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி கொடுமை செய்தால் 20,000 ரிங்கிட்டிலிருந்து ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆன்ட்டியிடம் இதையும் சொன்னேன். நம்பவில்லை.

'விடு' எதற்கு என்று கேட்டாய். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் எலிகள் பழத்தைத் தின்னும் என்று மர அடியில் எலி மருந்துக் கட்டி வைப்பார்கள். எலி இருப்பதால் நாகமும் இருக்கும். மிலோ எதைக் கண்டாலும் முதலில் வாயில் போட்டுப் பார்க்கிற ஜாதி. எலி மருந்து தின்ற நாய்க்கு அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். தின்றதைப் பார்த்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும், அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது. உங்கள் தாமான் (குடியிருப்பு) பின்சந்தில் எலி மருந்து இருக்காது என்று யார் சொன்னது? சரி, பழக்கும் விதம் இதுதான். ஈரலை மூடிய கைக்குள் வைத்துக் காட்டு. நக்கும், பிராண்டும், நீ அசையாதே. அலுத்துப்போய் மூக்கைப் பின்னால் இழுக்கும் நொடியில் மறு கையிலிருந்து கொடு. அது பழகியதும் 'விடு' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள், அப்புறம் தரைக்குப் போ. விட்ட பொருளையே பரிசாகத் தராதே.

இன்னொன்று, பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர், நாம் பாக் சிக் என்று கூப்பிடுகிறவர். மாலையில் சூராவுக்கு (சிறிய தொழுகைக் கூடம்) போகும்போது நம் கேட்டைத் தாண்டித்தான் போவார். நாயின் எச்சில் பட்டால் முஸ்லிம்கள் அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். தொழுகைக்குக் கிளம்பிய மனிதர் மேல் வாலாட்டிக்கொண்டு பாய்ந்தாலும் அது தொல்லைதான். அதனால் கேட் திறக்கும் சத்தம் கேட்டாலே மிலோ உட்கார வேண்டும் என்று பழக்கினேன். மேலே தாவினால் முகத்தைத் திருப்பி நின்றுவிடு; தள்ளுவதும் கத்துவதும் அதற்கு விளையாட்டு. இப்போது பாக் சிக் தூரத்திலிருந்தே "பாகுஸ் (நல்லது), மிலோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

தோட்டத்து லயத்தில் நாங்கள் வளர்த்த நாய்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பாய். யாரும் இல்லை. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் பின்னால் இருட்டிலேயே மர நிரைக்குக் கிளம்பிவிடும், வெயில் ஏறத் திரும்பும். அங்கே கேட்டும் இல்லை, காரும் இல்லை. தாமானில் வளரும் நாய்க்குத்தான் படிப்பு வேண்டியிருக்கிறது. பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்துக் குரைக்கிறதே என்று அலுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

திடலில் கேட்கிற நாய் தெருவில் கேட்காது. அதனால் காலையில் மகாத்மா காந்தி கலாசாலைப் பள்ளிக்கு எதிர்ப்பக்கம், தூரமாக நிறுத்திப் பழக்கினேன். வேன், பிள்ளைகள், நாசி லெமாக் சோற்று வாசனை. முதலில் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் பின்னால் தள்ளி நின்றதும் கேட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினோம். நீயும் காலையிலேயே நடத்து. மத்தியானத் தார் ரோட்டில் உன் புறங்கையை வைத்துப் பார், உன்னால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

அதற்கு எட்டு மாதம் ஆகிறது. ஒன்றரை வயது வரைக்கும் சில நாள் எல்லாவற்றையும் மறந்ததுபோல் நடக்கும். அதற்காகக் கோபப்படாமல் ஈரலை எடுத்துக்கொண்டு பழைய பாடத்துக்குத் திரும்பு. மாப்பிள்ளை கையைக் கடிக்கவிட்டு விளையாடுவதை நிறுத்தச் சொல், நான் சொன்னதாகவே சொல். அங்கே மாநகர் மன்றத்தில் நாய் லைசென்ஸ் எடுத்துவிடு. மிலோ என்று பெயர் வைத்ததற்காக மிலோ பானம் கலக்கி ஊற்றாதே, அதில் கோக்கோ இருக்கிறது, நாய்க்கு ஆகாது. வெங்காயமும் திராட்சையும் அப்படித்தான்.

உன் அம்மாவைத்தான் என்னால் பழக்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து தோசை ஒரு துண்டு கீழே போகும். கேட்டால் தவறி விழுந்தது என்பாள். மிலோ என் நாற்காலி பக்கம் வருவதே இல்லை, அவள் காலடியில்தான் படுக்கை.

பட்டாசு நாளில் கிளம்பாதீர்கள். சத்தம் அடங்கிய பிறகு, விடிகாலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் பாதி தூரம் போய்விடலாம். அவ்வளவு தூரம் காரில் போனால் வாந்தி எடுக்கும், அதனால் அன்று காலை அதற்கு நான் எதுவும் கொடுக்க மாட்டேன். அம்மா கையை யார் பிடித்து வைப்பது என்று மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா
சுங்கை சிப்புட்