பாலிஹவுஸ் சென்சாரும் அதைச் சரிபார்க்கும் கையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓசூர், தளி, பாகலூர், கெலமங்கலம் பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் கூரை வேய்ந்த பாலிஹவுஸ்களில் ரோஜா, ஜெர்பரா, குடைமிளகாய்ப் பாத்திகளுக்கு நடுவே சென்சார்கள் முளைக்கத் தொடங்கியிருக்கின்றன. உள்வெப்பம், ஈரப்பதம், மண் ஈரம், உரநீரின் ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்), பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) எல்லாம் செல்போனில் தெரிகின்றன. வீட்டில் உட்கார்ந்தபடியே வால்வைத் திறக்கவும் மூடவும் முடிகிறது. இதனால் தண்ணீர் மிச்சமாகும், ஆள் தேவை குறையும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். தண்ணீர் மிச்சமாவது நடக்கக்கூடியதுதான், ஆனால் சில வேலைகளை ஒழுங்காகச் செய்தால் மட்டும். ஆள் குறையும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலை மாறுகிறது. மாறிய வேலைக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை, அதற்கேற்ற கூலியும் இல்லை.

கருவியின் விலையைக் கேட்கும் முன் போர்வெல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். தண்ணீரின் ஈ.சி. மட்டுமே 1.2 மில்லிசீமென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். குடைமிளகாய்க்கு 2.0 என்று குறி வைத்தால் உரத்துக்கு மிஞ்சுவது 0.8 மட்டும். உரத்தைத் தானாகக் கலந்துவிடும் பெட்டி 2.0 என்று அழகாகக் காட்டும், செடி பட்டினி கிடக்கும். ஈ.சி. மீட்டருக்குச் சோடியமும் பொட்டாசியமும் ஒன்றுதான். அடுத்துப் பார்க்க வேண்டியது, தண்ணீரின் பி.எச்.சை உயர்த்தி வைக்கும் பைகார்பனேட். லிட்டருக்கு 300 மி.கி. இருந்தால், அமிலத்தோடு ஈடுகட்டிப் பார்க்கும் அலகில் அது சுமார் 4.9 மில்லிசமானம். அதில் 4.2-ஐத் தீர்க்க 10,000 லிட்டர் தண்ணீருக்கு 60 சதவீத நைட்ரிக் அமிலம் ஏறத்தாழ 3.2 லிட்டர் வேண்டும். கொஞ்சம் பைகார்பனேட்டை மிச்சம் விடவேண்டும். முழுவதையும் தீர்த்தால் பி.எச். சட்டென்று சரியும். இந்த அமிலத்தின் வழியாகவே லிட்டருக்கு 59 மி.கி. நைட்ரஜன் செடிக்குப் போய்விடுகிறது. அந்த அளவை உரக் கணக்கில் கழிக்காவிட்டால் இலை செழிக்கும், பூ குறையும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்றவேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக்கூடாது. தொட்டிக்கு மேலேயே இதைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

தானியங்கி உரப்பெட்டி இருந்தாலும் செறிந்த உரக்கரைசல் வைக்கும் ஏ, பி தொட்டிகளைக் கலப்பது மனிதர்தான். கால்சியம் நைட்ரேட் ஒரு தொட்டியில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் இன்னொன்றில், அமிலம் மூன்றாவதில். நூறு மடங்கு செறிவில் கால்சியமும் சல்பேட்டும் சந்தித்தால் ஜிப்சம் படியும், சொட்டுநீர் விடும் துளிப்பான் அடைக்கும். அவசரத்தில் மூட்டையை மாற்றிக் கொட்டிவிட்டால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. மூட்டையின் நிறத்தையே தொட்டி மூடியிலும் பூசிவைத்தால் இந்தத் தவறு பெரும்பாலும் நின்றுவிடும்.

இனி, எல்லோரும் தவிர்க்கும் விஷயம்: சென்சாரைச் சரிபார்ப்பது. பி.எச்.சை அளக்க நீரில் முக்கும் எலக்ட்ரோடு என்பது மெல்லிய கண்ணாடிக் குமிழ். அது ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு உழைக்கும். பயன்படுத்தாதபோது பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்கவேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டால் கெட்டுவிடும். வாரம் ஒருமுறை பி.எச். 7, பி.எச். 4 என்று அளவு முன்பே தெரிந்த திட்டக் கரைசல்களிலும், ஈ.சி. எலக்ட்ரோடை 1.413 மில்லிசீமென்ஸ் கரைசலிலும் முக்கிச் சரிபார்க்க வேண்டும். செய்யாவிட்டால் என்ன ஆகும்? எலக்ட்ரோடு மங்கி, உண்மையில் 5.8 இருக்கும் நீரை 6.6 என்று காட்டும். பெட்டி கடமை தவறாமல் அமிலத்தை ஊற்றிக்கொண்டே இருக்கும். சில நாட்களில் வேர் நுனிகள் பழுப்பாகும். ஈ.சி. எலக்ட்ரோடில் படிவு ஏறினால் அளவு குறைவாகத் தெரியும், பெட்டி உரத்தைக் கூட்டும், இலை விளிம்பு கருகும், குடைமிளகாயின் நுனி அழுகும். கையால் கலந்த காலத்தில் ஒருநாள் தவறு ஒருநாளோடு போனது. தானியங்கியின் தவறு, யாராவது கண்டுபிடிக்கும்வரை நாள்தோறும் அதே துல்லியத்தோடு திரும்ப நடக்கும். அதனால்தான் கையில் பிடிக்கும் தனி மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். கடைசித் துளிப்பானில் விழும் நீரை தினமும் காலையில் அளந்து, திரையில் தெரியும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். இரண்டும் பி.எச்.சில் 0.3-க்கு மேலோ, ஈ.சி.யில் 0.2-க்கு மேலோ விலகினால் பெட்டியை நிறுத்திவிட்டுச் சரிபார்க்கலாம்.

வெப்பநிலை சென்சாரிலும் இதே கதை. தூணில் வெயில் படும்படி மாட்டினால் உண்மையைவிடப் பல டிகிரி கூடுதலாகக் காட்டும். வெள்ளைக் கவசத்துக்குள், சிறு விசிறி காற்றை இழுத்துவிடும்படி, செடியின் நுனி உயரத்தில் தொங்கவேண்டும். செடி வளர வளர அதையும் உயர்த்தவேண்டும். ரோஜாவில் சாம்பல் நோய்க்குக் கந்தகம் ஆவியாக்கும் இடங்களில் ஈரப்பத சென்சாரும் செம்பு இணைப்புகளும் சீக்கிரம் அரிக்கும். கந்தகம் கூரை பிளாஸ்டிக்கின் ஆயுளையும் குறைக்கும்.

ஈரப்பதச் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. 20 டிகிரியில் 80 சதவீதம் என்றால் காற்றின் ஈரப் பற்றாக்குறை 0.47 கிலோபாஸ்கல். 32 டிகிரியில் அதே 80 சதவீதம் 0.95. எண் மாறவில்லை, செடியிடமிருந்து காற்று நீரை இழுக்கும் வேகம் இரண்டு மடங்காகிவிட்டது. வி.பி.டி. என்று பெட்டிகளில் வரும் எண் இதுதான். குளிர்மாதங்களில் விடியும் நேரம்தான் ஆபத்து. காற்று வேகமாகச் சூடாகும், மொட்டும் காயும் இன்னும் குளிர்ந்தே இருக்கும், அவற்றின் மேல் நீர் கோக்கும், மொட்டையும் காயையும் அழுகவைக்கும் சாம்பல் பூசணத்துக்கு அது போதும். பக்கத்திரையை வெயில் ஏறியபின் ஒரேயடியாகத் திறக்காமல், சூரிய உதயத்தை ஒட்டி ஒரு சாண் திறந்து ஈரத்தை வெளியேற்ற வேண்டும். மோட்டார் வைத்த திரை உண்மையாகவே பயன்படும் வேலை இது.

பாசனத்துக்குக் கடிகாரத்தைவிட ஒளியை நம்புவது மேல். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு ஜூல் சூரிய ஒளி விழுந்தால், கூரைக்குக் கீழே முழுதாக வளர்ந்த பயிர் ஒரு சதுர மீட்டருக்கு 2.5 முதல் 3 மி.லி. நீரை ஆவியாக்கும். தெளிந்த கோடை நாளில் அந்த ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் மொத்த ஒளி 2,000 ஜூலைத் தாண்டும், மேகமூட்டமான நாளில் 700-க்கும் கீழே போகும். கடிகாரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மேகம் சூழ்ந்த நாளிலும் அதே எட்டு முறை தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். மண்ணில் நட்டவர்களுக்கு, மண் நீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று காட்டும் டென்சியோமீட்டர் போதும். மின்னணு மண் ஈர சென்சார் வாங்கினால், செருகும்போது சுற்றிலும் காற்றிடைவெளி விடக்கூடாது, விட்டால் மண் காய்ந்துவிட்டதாகக் காட்டும். துளிப்பானுக்கு நேர் கீழே வைத்தால் எந்நேரமும் ஈரம் என்றே சொல்லும். 10 முதல் 15 செ.மீ. தள்ளி வைக்கலாம்.

கருவிகளில் என் கணிப்பில் மிக மதிப்புள்ளது, விளம்பரத்தில் அதிகம் வராத நீர்மானி. ஒரு வால்வுக்குக் கீழே மணிக்கு 2 லிட்டர் விடும் 2,500 துளிப்பான்கள் இருந்தால் மணிக்கு 5,000 லிட்டர் ஓடவேண்டும். மானி 4,300 காட்டினால் அடைப்பு, 5,800 காட்டினால் எங்கோ குழாய் கழன்றிருக்கிறது. எல்லா வால்வும் மூடியிருக்கும்போது மானி சுழன்றால், மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு வால்வின் ரப்பர் தகட்டில் மணல் சிக்கியிருக்கலாம். அப்போது மோட்டார் தானாக நிற்கும்படி அமைத்துவிட்டால் ஓர் இரவில் பாத்தி சேறாவது தவிரும். மின்சாரம் அடிக்கடி போய்வரும் இடங்களில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பெட்டிக்குள் இருக்கும் கடிகார பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் திரும்பியதும் அது நேரத்தைத் தவறாக எடுத்துக்கொண்டு பாசனத்தைத் தொடங்கும்.

தென்னை நார்க்கழிவுப் பைகளில் வளர்ப்போர் விட்ட நீரில் 20 முதல் 30 சதவீதத்தை வடியவிடுகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்து நார்க்கழிவு கடல் கடந்து போய் நெதர்லாந்தின் கண்ணாடிக்குடில்களில் தக்காளிக்கு அடியில் கிடக்கிறது. அங்கே வடிந்த நீரைப் பிடித்து, கிருமி நீக்கி, மறுபடி ஓடவிடுகிறார்கள். இங்கே அது பெரும்பாலும் மண்ணுக்குள் போகிறது. ஓர் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 16,000 லிட்டர் விட்டு 4,000 லிட்டர் வடிந்தால், உரமும் நீரிலிருந்த உப்பும் சேர்ந்து தினமும் 5 கிலோவுக்கு மேல் நிலத்தடிக்கு இறங்குகிறது. அதே போர்வெல்லில்தான் நாளை தண்ணீர் எடுக்கப்போகிறோம். அளக்கப் பெரிய செலவில்லை. ஒரு துளிப்பானை அளவு பாட்டிலுக்குள் விடவேண்டும், ஒரு பையின் அடியில் தட்டு வைக்கவேண்டும், மாலையில் இரண்டையும் அளந்து ஈ.சி. பார்க்கவேண்டும். மறுபடி பயன்படுத்துவதானால் மெதுமணல் வடிகட்டி நம் ஊருக்குப் பொருந்தும். மணலில் மணிக்கு 10 முதல் 30 செ.மீ. மட்டும் நீர் இறங்கும்படி வைத்தால் வேரழுகல் பூசணங்களை அது நன்றாகவே பிடிக்கும். சோடியம் மட்டும் சுற்றச் சுற்றச் சேரும். அதற்கு மழைநீரைக் கலப்பதே வழி.

மழைநீரைச் சேர்க்கக் கூரை ஏற்கெனவே தயாராக இருக்கிறது. 4,000 சதுர மீட்டர் கூரையில் 800 மி.மீ. மழை பெய்து அதில் 80 சதவீதம் பிடித்தாலும் 25.6 லட்சம் லிட்டர். நாளுக்கு 16,000 லிட்டர் என்று தாராளமாகச் செலவழித்தாலும் 160 நாள் ஓடும். இந்தத் தண்ணீரில் பைகார்பனேட்டும் சோடியமும் ஏறக்குறைய இல்லை. அமிலச் செலவு ஏறக்குறைய மறைந்துவிடும். தாள் விரித்த குட்டையும் கூரை வாய்க்காலும் இல்லாத பாலிஹவுஸில் முதலில் சென்சார் வாங்குவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு வர்ணம் பூசுவதுபோல.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் 2018-இல் நடத்திய தானியங்கிப் பசுமைக்குடில் போட்டியில், வெள்ளரி வளர்ப்பில் ஒரு செயற்கை நுண்ணறிவுக் குழு அனுபவமுள்ள விவசாயிகளின் லாபத்தை மிஞ்சியது. பெரிய சாதனைதான். ஆனால் கணினி முடிவு செய்தது வெப்பம், ஒளி, நீர், உரம் போன்றவற்றை. கொடியைக் கட்டியதும் காய் பறித்ததும் மனிதக் கைகள். ஓசூரிலும் பக்கக்கிளை ஒடிப்பது, கயிறு சுற்றுவது, ரோஜாத் தண்டை வளைப்பது, நீளம் பார்த்துத் தரம் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. இலைப்பேனை முதலில் பார்ப்பதும் அவர்கள்தான். 2021-இல் ஆந்திர, தெலங்கானா மிளகாயை அழித்த கருநிற இலைப்பேன் குடைமிளகாயையும் தின்னும். பத்துப் பூவை வெள்ளைத்தாளில் தட்டி எண்ணி, வரிசை எண்ணோடு செல்போனில் பதிந்தால், முழுக் குடிலுக்கும் மருந்தடிக்காமல் நான்கு வரிசையோடு நிறுத்திவிடலாம். நிலைத்த வேளாண்மை என்று பேசுகிறோமே, அது நடைமுறையில் இப்படித்தான் வரும்.

அதே செல்போனை, ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் எத்தனை தண்டு வெட்டினார் என்று எண்ண மட்டும் பயன்படுத்தினால், பூச்சியைப் பார்த்தாலும் நின்று சொல்ல அவருக்கு நேரமிருக்காது. பயிருக்கு 32 டிகிரியைத் தாண்டியதும் எச்சரிக்கை அனுப்பும் பெட்டி, அதே கூரைக்குக் கீழே குனிந்து வேலை செய்பவருக்கும் அனுப்பட்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்து கூடும் நேரத்தில் வேலையை விடியலுக்கும் மாலைக்கும் மாற்ற அந்த எண்ணே போதும். மருந்தடித்த பகுதிக்குள் எத்தனை மணி நேரம் நுழையக்கூடாது என்பதும் வாசலில் உள்ள திரையில், அவர்கள் படிக்கும் மொழியில் தெரியவேண்டும்.

பாலிஹவுஸ் அமைக்க மானியம் தரும் தோட்டக்கலைத் துறையிடம் சில கோரிக்கைகள். திட்ட அனுமதிக்கு முன் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும், மதிப்பீட்டில் கூரை வாய்க்காலும் குட்டையும் கட்டாயமாகட்டும். கருவி விற்பவர் திட்டக் கரைசல்களையும் மாற்று எலக்ட்ரோடையும் மூன்றாண்டுக்குத் தரவேண்டும். சந்தா நின்றாலும் பழைய பதிவுகள் விவசாயியின் கைக்கு வரவேண்டும், வேறு கம்பெனிப் பெட்டியிலும் அவற்றைத் திறக்க முடியவேண்டும். தளியில் மலர்களுக்கும் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிகளுக்கும் இந்திய – இஸ்ரேல் மகத்துவ மையங்கள் இருக்கின்றன. உரநீர்ப் பெட்டியை இயக்கவும் சென்சாரைச் சரிபார்க்கவும் அங்கே தொழிலாளர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, கூலியோடு பத்து நாள் பயிற்சி நடத்தலாம். சான்றிதழ் பெற்றவருக்குத் திறன்பெற்ற தொழிலாளியின் கூலி கிடைக்கவேண்டும்.

கூரைத்தாளையும் மறக்க வேண்டாம். 200 மைக்ரான் தாள் சதுர மீட்டருக்கு 184 கிராம். பக்கங்களையும் சேர்த்தால் ஓர் ஏக்கருக்குச் சுமார் ஒரு டன், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றப்படுகிறது. புதுத்தாள் விற்பவரே பழையதை எடைபோட்டுத் திரும்ப எடுத்து, ரசீதைத் துறையிடம் கொடுத்த பிறகே மறுமானியம் என்று ஒரு வரி சேர்த்தால் அது வரப்போரத்தில் எரியாது.

இப்படிக்கு,
பசுமைக்குடில் சாகுபடித் தொழில்நுட்பர்,
தளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.